ஆறு மணிக்கு எழுந்தவளும் எழாதவளும்

சரவணம்பட்டியில், வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் டாக்டர் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போட்டு அனுப்புகிற கம்பெனியின் மூன்றாவது மாடியில், வேலைக்குச் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூட முடியாத இந்துஜா, ஒரு புதன்கிழமை மாலை ஆறு மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தாள், எழாமலும் இருந்தாள். எழுந்தவள் லிஃப்ட்டை நோக்கிப் போனாள். எழாதவள் அடுத்த நோயாளியின் குறிப்பைத் திறந்தாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த ஹெலன் அக்கா அந்தக் கம்பெனியிலேயே தலை நரைத்தவர். குடையை மறந்துவிட்டுப் போகிறவளைக் கூப்பிடுகிற குரலில், "இந்து, நீ இங்கயே இருக்கியே" என்றார். இந்துஜா திரும்பிப் பார்த்தாள். தன் பின்கழுத்தையும், காலையில் அவசரமாகச் செருகிய நீல கிளிப்பையும், வளைந்து உட்கார்ந்திருக்கிற தன் முதுகையும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. லிஃப்ட்டை விட்டால் பஸ் போய்விடும். பஸ்ஸை விட்டால் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சின்னவேடம்பட்டி வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது. அவள் போய்விட்டாள்.

வேலைக்கு எடுக்கும்போது, இன்னும் ஐந்து வருஷம் கழித்து உன்னை எங்கே பார்க்கிறாய் என்று அவளைக் கேட்டிருந்தார்கள். சாயங்காலம் வீட்டில் பார்க்கிறேன் என்று அவள் சொன்னாள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், துணிச்சலான பெண் என்று நினைத்து எடுத்துக்கொண்டார்கள். அது துணிச்சலும் இல்லை, தமாஷும் இல்லை. அவளுடைய அப்பா வெள்ளியங்கிரி, கணபதி என்கிற பக்கத்து ஊரில் பம்புசெட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த நாளில் அவர் வீட்டுக்கு வருகிற நேரம் எது என்று அவருக்கே தெரியாது. அம்மா தங்கமணி மூன்று தட்டு வைப்பாள், ஒன்றை மூடி வைப்பாள், மூடிய தட்டைப் பார்த்தபடியே இந்துஜா தூங்கிப்போவாள். பிள்ளைப் பிராயத்தில் அவள் மனசுக்குள் எடுத்த ஒரே ஒரு முடிவு, எனக்காக யாரும் தட்டை மூடி வைக்கக் கூடாது என்பது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததால் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்வது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

மேனேஜர் பத்மநாபனும் அப்படித்தான் நினைத்தார். தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மேஜைக்கு அடியில் பேப்பரை விரித்துப் படுத்ததையும், முதல் குழந்தை பிறந்த சேதி வந்தபோது கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்ததையும் அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். அவர் பெருமையாகச் சொன்ன கதையை அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் துக்கமாகக் கேட்டார்கள். அவர்கள் துக்கத்தை அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை காலையில் வந்து, இந்துஜாவின் நாற்காலியில் இந்துஜா விடிய விடிய வேலை பார்த்திருப்பதைக் கண்டபோது அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை. ரொம்ப நாளாக வரவேண்டிய ஒன்று இப்போதாவது வந்ததே என்ற நிம்மதிதான் ஏற்பட்டது. அலுவலக நிர்வாகத்திலிருந்து ஒரு பெண் வந்து இன்னொரு அடையாள அட்டை வேண்டுமா என்று விசாரித்தாள். உட்கார்ந்திருக்கிறவள் வாசலைத் தாண்டப்போவதில்லை, ஒன்றே போதும் என்று முடிவாயிற்று.

காலையில் இந்துஜா வந்து அந்த நாற்காலியில் உட்காரும்போது, இருந்தவள் சற்று ஒதுங்கி இடம் விடுவதுபோல் இருக்கும்; பிறகு தண்ணீரோடு தண்ணீர் சேர்ந்ததுபோல இரண்டு பேரும் ஒருத்தியாகிவிடுவார்கள். ராத்திரி பார்த்த வேலையின் கண்ணெரிச்சல் மட்டும் கொஞ்ச நேரம் மிச்சமிருக்கும். மாலை ஆறு மணிக்கு மறுபடி ஒருத்தி எழுவாள், ஒருத்தி எழமாட்டாள். எழுந்தவளைப் போகிறவள் என்றும் எழாதவளை இருக்கிறவள் என்றும் அந்த மாடியில் சொல்லிக்கொண்டார்கள். பிறகு மேல்மாடியில் ஒருவனுக்கு அப்படி ஆயிற்று, எதிர்க் கட்டிடத்தில் சிலருக்கு ஆயிற்று, கார்த்திகைக்குள் அந்த ரோட்டில் இருந்த எல்லா அலுவலகங்களிலும் போகிறவர்களும் இருக்கிறவர்களும் உண்டானார்கள். ஊர் அதைப் புதுக் குழாய்த் தண்ணீரைப் பழகிக்கொள்வதுபோலப் பழகிக்கொண்டது. கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொன்னால் ஒரு தடவை சொல்லட்டுமா இரண்டு தடவை சொல்லட்டுமா என்று குருக்கள் கேட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில், பையனுக்கு வேலை இருக்கிறது சரி, ஆபீசில் இருக்கிறவன் உண்டா என்று விசாரித்தார்கள். இல்லை, அவன் முழுசாகவே வீட்டுக்கு வந்துவிடுகிறான் என்றால் முகத்தைச் சுளித்தார்கள். இருக்கிறவன் இல்லாத பையன்களின் அம்மாக்கள் வெள்ளிக்கிழமைகளில் நெய்விளக்குப் போட்டார்கள்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் இந்துஜா வந்து உட்காரப் போனபோது இருக்கிறவள் ஒதுங்கவில்லை. நாற்காலி நிறைந்திருந்தது. ஓரத்தில் ஒண்டிப் பார்த்தாள், சறுக்கிவிட்டது. இருக்கிறவளின் தோளைத் தொட்டாள். அது சுவரைத் தொட்டதுபோல் வெதுவெதுப்பும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் இருந்தது. பத்மநாபன் எழுந்து வந்தார். கடிந்து பேசவில்லை, இதமாகத்தான் சொன்னார்: வேலைதான் நடக்கிறதே, உனக்குப் பிடித்தமாதிரி இரு, நீங்களெல்லாம் கேட்டது இதுதானே, வீட்டுக்குப் போம்மா. ஹெலன் அக்கா தன் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்துஜா சாப்பாட்டுப் பையோடு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் நிற்பது வழியில் போய்வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குப் பகல் முழுக்கச் சும்மா கிடைத்தது. சும்மா கிடைத்த பகலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் கிளம்புவதைப் பார்த்தாள். வாலாங்குளத்துக் கரையில் போய் உட்கார்ந்தாள். அங்கே அவளைப்போலவே சிலர், கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றாமல், ஆளுக்கொரு பெஞ்சியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. மேல்மாடியில் வேலை பார்த்த நவ்ஃபல் மட்டும் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதலில் ஆசைதீரத் தூங்கினதையும், பிறகு ஊட்டிக்கும் வால்பாறைக்கும் போனதையும், போய்வந்து யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தால் எல்லோரும் ஆபீசில் இருந்ததையும் சொன்னான். ஆபீசில் தன்னோடு சிரித்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் இப்போது அவனோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். அவன் என்றது ஆபீசில் இருக்கிறவனாகிவிட்ட தன்னைத்தான். பிறகு இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். தனியாக வாழ்வதால் வருகிற சங்கடம் என்று ஒன்று உண்டு, அதற்கும் ஒரு எண் உண்டு. டாக்டர் குறிப்பில் எப்போதாவது வரும்போது இந்துஜா அதைப் போட்டு அனுப்பியிருக்கிறாள். இப்போது அந்த எண் ஞாபகத்துக்கு வரவில்லை. அது இருக்கிறவளிடம் இருந்தது.

அவள் வீட்டுக்கு மட்டும் எப்போதும்போல விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் போனாள். முன்னாடியே போனால் தெருவில் என்னவோ ஏதோ என்பார்கள். ஆனால் அவள் போய்ச் சேருகிற நேரத்துக்கு வெள்ளியங்கிரி வீட்டில் இருப்பதில்லை.

மகள் ஆறு மணிக்கே கிளம்பி வந்துவிடுகிறாள் என்பது அதுவரை அவருக்குத் தெருவில் தலைகுனிவாக இருந்தது. என்னங்க, பாப்பாவுக்கு அரை நாள் வேலைங்களா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டபோது உள்ளே வந்துவிட்டார். இருக்கிறவளைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் முகம் தெளிந்தது. அவள் ராத்திரியும் பகலும் எழுவதே இல்லை என்று ஆனதும், அவள் சாப்பிடுகிறாளோ இல்லையோ என்ற கவலை அவருக்கு வந்தது. அடுக்குப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு மொபெட்டில் சரவணம்பட்டி போய், மூன்றாவது மாடியில் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற சோபாவில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் வேலை செய்கிற மகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வருகிறவர் போகிறவரிடம் "என்ற மக, என்ற மக" என்று தன் மகளைக் காட்டுவார். அவள் எழுந்து வந்து சாப்பிட்டதில்லை. பாத்திரம் ஆறிப்போய்த் திரும்பி வரும். மறுநாள் மறுபடி எடுத்துப்போவார்.

வீட்டில் தங்கமணி மூன்று தட்டு வைத்தாள், ஒன்றை மூடி வைத்தாள்.

ஒருநாள் இந்துஜா சற்று முன்னாடியே வந்து, அவர் பாத்திரத்தோடு கிளம்பும்போது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு ஒருநாள் தன்னோடு உட்கார்ந்து சாப்பிடும்படி கேட்டாள். அவர் மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கியிருந்தார்.

"அங்க அவ ஒருத்தியே உக்காந்துட்டு இருக்கறா கண்ணு" என்றார்.

"நானும் அப்படித்தாம்ப்பா இருக்கறேன்."

அவருக்கு அது சரியாகக் காதில் விழவில்லையோ, விழுந்து புரியவில்லையோ, உனக்கென்ன, நீ வீட்டில் இருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்துஜா சாப்பிட்டுவிட்டு, மூடிய தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர அவருக்கு அங்கே வேறு வேலை இல்லாததால், மற்றவர்கள் கவனிக்காததை அவர்தான் முதலில் கவனித்தார். இருக்கிறவளின் காதோரத்தில் ஒரு நரை தெரிந்தது. பங்குனியில் அது பத்தாகி நூறாகிப் பின்கழுத்துவரை போயிற்று. அவளுக்கு மூக்குக்கண்ணாடி வந்திருந்தது. கழுத்து முன்னுக்கு நீண்டு அப்படியே நின்றுவிட்டது. அவளுக்குத் தூக்கம் இல்லாததால், வீட்டில் இருந்த மகளுக்கு ஒருநாள் போனால் அவளுக்கு மாசக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. மகளைவிடத் தன் பெண்டாட்டியின் சாயல் கூடிக்கொண்டே வருவதை அவர் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தார். வீட்டில் அவர் சொல்லவில்லை. வருகிறவர் போகிறவரிடம் "என்ற மக" என்று சொல்வதையும் விட்டுவிட்டார்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். யாரும் தடுக்கவில்லை, அவர் அங்கே ஒரு தொட்டிச்செடியைப்போலப் பழகியிருந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு வாய் சாப்பிடு கண்ணு என்றார். அவள் திரும்பாமலே, "நீங்க சாப்பிட்டுப் படுங்கப்பா. எனக்காகக் காத்துட்டு இருக்க வேண்டாம்" என்றாள்.

அவர் பாத்திரத்தை மேஜைமேல் வைத்தார். ஸ்டோர்ஸ் அறையில் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே இருந்த போனில், தங்கமணி கூப்பிடும்போதெல்லாம் அவர் சொன்ன வார்த்தை அது. அதே வார்த்தை, அதே இழுப்பு. சொன்ன பிறகு போனின் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவர் வைத்துவிடுவார். அந்தச் சத்தமின்மைக்குள் என்ன இருந்தது என்பது இப்போது, அவர் அதற்குள் நிற்கும்போதுதான் தெரிந்தது.

ஹெலன் அக்கா தன் நாற்காலியை அவருக்குத் தள்ளிக் கொடுத்தார். அவர் உட்கார்ந்தார். இதெல்லாம் யாருக்காக கண்ணு என்று கேட்டார். அவள் விரல்கள் நிற்கவில்லை.

"உங்களுக்காகத்தாம்ப்பா. மக ஆறு மணிக்கு வந்துட்டான்னு தெருவுல சொல்லறதுக்குச் சங்கடப்பட்டீங்க. என்னையப் பத்தி நீங்க நாலு பேர்த்துகிட்டப் பேசி நான் கேட்டதே இல்ல. இப்பப் பேசறீங்கன்னு இங்க சொன்னாங்க."

வெள்ளியங்கிரி வேலை பார்த்த காலமெல்லாம் தனக்குக் கீழே இருந்தவர்களிடமும் சொல்லாத, தனக்குத்தானேயும் சொல்லிக்கொள்ளாத ஒரு வார்த்தை இருந்தது. "போதும் கண்ணு" என்றார். "போதும்."

விரல்கள் நின்றன. அந்த மாடி முழுக்க அவரவர் கீபோர்டு சத்தம் ஒரு நிமிஷம் தனித்தனியாகக் கேட்டது. அவர் அவள் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். உட்கார்ந்தே இருந்ததால் அவளுக்கு முட்டி நிமிரவில்லை. ஹெலன் அக்கா இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். பத்மநாபன் தன் அறை வாசலுக்கு வந்து, நாளைக்கு வருவாளா என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவள் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தவர், வேண்டாம் விடுங்க என்று தானே சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டார். மொபெட்டில் அவள் அப்பாவின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் சாயங்கால வெயில் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவைத் திறந்த தங்கமணி தன் வயசுப் பெண் ஒருத்தி நிற்பதைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் யாரென்று தெரிந்துகொண்டாள். வெந்நீர் போட்டுக் குளிக்க வைத்தாள். நான்கு தட்டு வைத்தாள். வந்தவள் எதிர்ச்சுவரில் எதையோ படிக்கிறவள்போலப் பார்த்தபடி வேகமாகச் சாப்பிட்டாள். இந்துஜா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் காது, தன் மூக்கு, தான் சோற்றைப் பிசைகிற விதம், எல்லாவற்றின் மேலும் யாரோ பதினைந்து இருபது வருஷத்தைப் பூசியிருந்தார்கள்.

இவள் பின்கட்டு அறையில் இருந்துகொள்ளட்டும், கேட்டால் ஒன்றுவிட்ட பெரியம்மா மகள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள் தங்கமணி. இரண்டு பேரும் பழையபடி ஒருத்தியாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கண்ணெரிச்சல் மிச்சமிருந்ததுபோல, இந்த வருஷங்களும் மிச்சமிருக்கும். வந்தவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி இந்துஜாவிடம், "நான் உனக்குப் பாரம்னா சொல்லிரு. அங்கயே போயிக்கறேன்" என்றாள்.

இந்துஜாவுக்குக் கோபம் வந்தது. அவள் இதைக் கேட்கவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு எழுந்தாள், ஒழுங்காக எழுந்தாள், எழுந்ததற்கான ஏச்சை வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்து தேய்ந்தவள் இவள். தன்னுடைய கறுத்த முடியும் நேரான கழுத்தும் தான் காப்பாற்றி வைத்தவை. அந்த ராத்திரி அவள் தூங்கவில்லை. குளத்துக்கரைப் பெஞ்சிகளை நினைத்தாள். அங்கே ஒருவர்கூட தங்களுடையவரைப் போய்ப் பார்த்ததில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவளுக்கு இத்தனை நரைத்திருக்காது என்று தோன்றியது. விடிகிற நேரத்தில் பின்கட்டு அறைக்குப் போனாள். வந்தவள் கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத கீபோர்டின்மேல் விரல்களை வைத்திருந்தாள். இந்துஜா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கைகள்மேல் தன் கைகளை வைத்தாள். கொஞ்சம் ஒதுங்கு என்றாள். அவள் ஒதுங்கினாள்.

காலையில் தங்கமணி காப்பி கொண்டுவந்தபோது கட்டிலில் ஒருத்திதான் இருந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது. டம்ளரைக் கண்டுபிடிக்கக் கண்ணாடியைத் தேடினாள்.

அதன்பிறகு நடந்தவை சாதாரணமானவை. சான்றிதழில் இருபத்து மூன்றும் முகத்தில் நாற்பதுமாக அவள் சில இடங்களுக்கு வேலை கேட்டுப் போனாள்; புதுசாக வருகிறவர்களிடம் கேட்கிற கேள்வியைக் கேட்பதா, பழம்தின்று கொட்டை போட்டவர்களிடம் கேட்கிற கேள்வியைக் கேட்பதா என்று தெரியாமல் அவர்கள் தடுமாறினார்கள். கடைசியில் துடியலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் எடுத்தார்கள். நவ்ஃபலிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, யோசிக்கிறேன் என்றான். பிறகு அவன் கூப்பிடவில்லை. குளத்துக்கரைப் பக்கம் பஸ் போகும்போது பெஞ்சிகளைப் பார்ப்பாள். நிறைந்திருக்கும்.

ஆடிக்காற்று அடிக்கிற ஒரு சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளியங்கிரிக்கு அந்த நேரத்துச் சாப்பாடு இன்னும் பழகவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் காற்றைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசுவார். இந்துஜா ரசத்தைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டே, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"மாசி மாசத்துல ஒருநாள் அந்த சோபாவுல தூங்கிட்டீங்கப்பா. ஏசி நேரா உங்க மூஞ்சில அடிச்சுட்டு இருந்துச்சு. துண்டு கீழ விழுந்துருச்சு. எனக்கு எல்லாம் தெரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. எந்திரிச்சு வந்து அதை எடுத்துப் போத்தி விடோணும்னு இருந்துச்சுப்பா. முடியல."

வாசல் கதவு காற்றில் ஒருதடவை அடித்துத் திறந்தது.

"ஸ்டோர்ஸ்ல உக்காந்துட்டு எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு கண்ணு" என்றார். "தெனமும்."

தங்கமணி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இரண்டு பேர் தட்டிலும் மோர் ஊற்றினாள்.